விருப்பாச்சியில் கூடியவர்கள்



இன்று காலை திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கியவுடன் நேரே இங்கே வரவில்லை. கோபாலசமுத்திரக் கரைக்குப் போய்விட்டுத்தான் வந்தேன். நூற்றெட்டு விநாயகர் கோயிலுக்கு வந்தவர்கள் கரையோரம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரை 1801-இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படை அந்தக் குளத்தருகேதான் தூக்கிலிட்டது என்று இந்த ஊர் வழிவழியாகச் சொல்லிவருகிறது. சிறுவயதில் அந்தக் கரையில் நடக்கும்போதெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கும் அதற்கு மேல் தெரியாது. அவர் என்ன செய்தார், யாருடன் சேர்ந்து செய்தார் என்று நான் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து, புத்தகங்களில்.

இந்தச் சொற்பொழிவுக்கு அறக்கட்டளையார் எனக்குக் கொடுத்த தலைப்பு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் குடியேற்ற நாட்டவர் நடத்திய விடுதலைப் போர். அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்களைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். பேசுகிறேன். ஆனால் அமெரிக்காவை நம் மலைக்கோட்டை உச்சியிலிருந்து பார்த்துப் பேச எனக்கு அனுமதி தாருங்கள். இப்படிப் பார்த்தால் அந்தப் போர் நமக்கு அயலூர்ச் சண்டையாகத் தெரியாது. அங்கே எதிரி யாரோ, இங்கேயும் அவனே எதிரி. சில இடங்களில் ஆள்கூட அதே ஆள்தான்.

1773 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலையைக் குடியேறிகள் கடலில் கொட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அந்தப் பெட்டிகள் யாருடையவை என்பதை மட்டும் நாம் நின்று யோசிப்பதில்லை. அவை கிழக்கிந்தியக் கும்பினியின் பெட்டிகள். தேயிலை சீனாவில் விளைந்தது. வாங்கியதும் விற்கவந்ததும் கும்பினி. 1772-இல் கும்பினி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை மலைபோலக் குவிந்திருந்தது. அதைக் கரையேற்றத்தான் பார்லிமெண்ட் தேயிலைச் சட்டம் கொண்டுவந்து, அமெரிக்கர் தலையில் அந்தச் சரக்கைக் கட்டப் பார்த்தது.

அதே 1772-இல் அதே கும்பினி நம் பக்கத்துச் சீமையில் என்ன செய்துகொண்டிருந்தது? ஆற்காட்டு நவாப் முகமது அலியின் பெயரால், கப்பம் வசூலிக்கிறோம் என்று சொல்லி, ராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. 1772 ஜூன் 25-இல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவருடைய அரசி வேலுநாச்சியார், மகள் வெள்ளச்சியுடன் தப்பி வந்து சேர்ந்த இடம் விருப்பாச்சி. அடைக்கலம் கொடுத்தவர் கோபால நாயக்கர். பாஸ்டனில் தேயிலை கடலில் விழுந்த அந்த இரவில், நம் ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில், கணவனைக் கும்பினியிடம் பறிகொடுத்த ஓர் அரசி மகளின் எதிர்காலத்தை நினைத்தபடி விழித்திருந்திருப்பார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு இடங்கள். இரண்டுக்கும் துயரம் வந்த கணக்குப்புத்தகம் ஒன்றே.

அந்த அடைக்கலத்தைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். விருப்பாச்சி பெரிய பாளையமல்ல. நங்காஞ்சி ஆறு இறங்கிவரும் பள்ளத்தாக்கு. மேலே மலைவாழை, தலையூத்து அருவி. கீழே மானாவாரிச் செம்மண். பெரும்படை வந்தால் தாங்கும் கோட்டை அங்கே இல்லை. ஓர் அரசியையும் அவரோடு வந்தவர்களையும் எட்டு ஆண்டு வைத்துச் சோறு போடுவது ஒரு செலவு; அதைவிட, நவாபும் கும்பினியும் தேடும் ஒருவரை வீட்டுக்குள் வைத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பது. நாயக்கரோ தெலுங்கு பேசும் கம்பளத்தார் குடியில் வந்தவர். நாச்சியார் ராமநாதபுரம் சேதுபதி வீட்டுப் பெண். குலமும் வேறு, வீட்டில் பேசிய மொழியும் வேறு. பிற்காலத்தில் நாயக்கர் கட்டிய கூட்டணியின் முதல் செங்கல் இந்த அடைக்கலம் என்றே நான் கருதுகிறேன். வீட்டுக்கு வந்தவளை விடமாட்டேன் என்ற ஊர்நியாயத்திலிருந்துதான் அவருடைய அரசியல் தொடங்குகிறது.

சிவகங்கைப் பிரதானி தாண்டவராய பிள்ளை 1772 டிசம்பரில் ஹைதர் அலிக்கு ஓலை எழுதினார். ஐயாயிரம் குதிரையும் ஐயாயிரம் காலாட்களும் கேட்டு எழுதிய ஓலை அது. ஹைதரைத் திண்டுக்கல்லில் சந்தித்து நாச்சியார் உருதுவிலேயே பேசினார் என்பதை இந்த வட்டாரத்தில் சொல்லாதவர் இல்லை. 1780-இல் மைசூர்ப் படையின் துணையோடு அவர் சிவகங்கையை மீட்டார். கும்பினியின் ஆதரவோடு பறிக்கப்பட்ட ஒரு சீமையைத் திரும்ப எடுத்துக் காட்டியவர் ஒரு பெண். அந்த வெற்றியின் பாதை நம் மலைக்கோட்டை வழியாகத்தான் போயிற்று.

மலைக்கோட்டையைப் பற்றிச் சொல்லும்போது ஹைதரைச் சொல்லாமல் இருக்கமுடியாது. மதுரை நாயக்கர் கட்டிய கோட்டை அது. 1755-இல் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பியது. அப்போது அவர் அரசருமல்ல, நவாபுமல்ல. முரண்டு பிடிக்கும் பாளையக்காரர்களை அடக்கிவர அனுப்பப்பட்ட ஒரு படைத்தலைவர், அவ்வளவே. இங்கேதான் பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு ஆயுதச்சாலை வைத்தார். இங்கேதான் தனக்கென்று ஒரு படையும் பணமும் சேர்த்தார். பின்னாளில் கும்பினியைச் சென்னைக் கோட்டை வாசல் வரை விரட்டிய ஹைதர் உருவானது திண்டுக்கல்லில். பேகம்பூர்ப் பள்ளிவாசலில் அவர் வீட்டுப் பெண் ஒருவரின் அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. அந்தப் பேகத்தை வைத்துத்தான் அந்தப் பகுதிக்கே பெயர்.

இப்போது ஒரு செய்தி சொல்கிறேன். 1782 ஏப்ரல் 8-ஆம் தேதி, அமெரிக்காவின் டெலவேர் வளைகுடாவில், பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு போர்க்கப்பல் தன்னைவிட வலிய பிரிட்டிஷ் கப்பல் ஒன்றைச் சிறிது நேரச் சண்டையில் பிடித்தது. தலைவன் பெயர் ஜோஷுவா பார்னி. பிடிபட்ட கப்பல் ஜெனரல் மங்க். பிடித்த கப்பலின் பெயர் என்ன தெரியுமா? ஹைதர் அலி. ஆம், அந்தப் பெயரைத்தான் பிலடெல்பியாக்காரர்கள் தங்கள் கப்பலுக்குச் சூட்டியிருந்தார்கள். அங்கே ஒரு கவிஞர் அந்தக் கப்பலைப் புகழ்ந்து பாட்டும் எழுதினார். ஆங்கிலேயனை எதிர்த்து நிற்கும் ஒரு மனிதர் உலகின் மறுகோடியில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மவராக நினைத்துப் பெயர் வைத்தார்கள். திண்டுக்கல்லில் தலையெடுத்த ஒருவரின் பெயர் அமெரிக்க விடுதலைப் போரின் கப்பலில் எழுதப்பட்டிருந்தது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அந்தப் போர் கடல்தாண்டி இங்கேயும் வந்தது. அமெரிக்கரோடு சேர்ந்து பிரான்சு பிரிட்டனோடு மோதியது. இந்தியாவில் ஹைதரோடும் அவருக்குப் பின் திப்புவோடும் சேர்ந்து மோதியது. 1783 ஜூன் 20-இல் கடலூருக்கு எதிரே வங்கக்கடலில் பிரெஞ்சு, பிரிட்டிஷ் கப்பற்படைகள் மோதின. அமெரிக்கப் போரின் கடைசிக் கடற்சண்டை என்று அதைச் சொல்வதுண்டு. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி அதற்குப் பிறகே கடலூருக்கு வந்தது. வந்தவுடன் பிரெஞ்சுக்காரர்கள் திப்புவை விட்டுவிட்டு விலகிக்கொண்டார்கள். அதே 1783-இல் திண்டுக்கல் கோட்டையைக் கர்னல் லாங் பிடித்தார். 1784 மங்களூர் உடன்படிக்கையில் அது மைசூருக்குத் திரும்பியது. முதல் மைசூர்ப் போரிலும் இப்படித்தான், 1767-இல் கும்பினி பிடித்தது, மறு ஆண்டே ஹைதர் மீட்டார். 1790-இல் மூன்றாம் முறை விழுந்தது. இருபத்துமூன்று ஆண்டுகளில் இந்தப் பாறைமேல் எத்தனை கொடி ஏறி இறங்கியது என்று எண்ணிப்பாருங்கள். கீழே இருந்த குடியானவன் ஒவ்வொரு கொடிக்கும் ஒருமுறை கிஸ்தி கட்டியிருக்கிறான்.

மூன்றாம் முறை விழுந்தது திரும்ப எழவில்லை. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம். அது கட்டித்தீரும் வரை இரண்டு மகன்கள் பிணை. விட்டுக்கொடுத்த பாதியில் மலபாரும் பாரமகாலும் திண்டுக்கல் சீமையும் அடங்கும். உடன்படிக்கையை எழுதி வாங்கிய கவர்னர் ஜெனரல் யார்? காரன்வாலிஸ். 1781 அக்டோபர் 19-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் ஒட்டுமொத்தப் படையோடு சரணடைந்தாரே, அந்தக் காரன்வாலிஸ்தான். உடம்பு சரியில்லை என்று சொல்லித் தன் கையால் வாளைக் கொடுக்காமல் துணைத்தளபதியை அனுப்பியவர். அமெரிக்காவைக் கைவிட்டுப் போனவர் பத்தரை ஆண்டு கழித்துத் திண்டுக்கல்லை எடுத்துக்கொண்டார். பிரிட்டிஷ் அரசு மேற்கே இழந்ததற்குக் கிழக்கே ஈடுகட்டியது என்று நூல்களில் படிக்கிறோம். அந்த ஈட்டுத்தொகையில் நாமும் இருக்கிறோம், இந்த ஊரும் இருக்கிறது.

கும்பினி ஆட்சி வந்ததும் இங்கே நடந்த மாற்றம் முதலில் பீரங்கியால் நடந்ததல்ல. கலெக்டரால் நடந்தது. 1796-இல் வந்த கலெக்டர் ஹர்டிஸ் சீமை முழுக்க நிலத்தை அளக்கவைத்தார். பாளையக்காரர்கள் அதுவரை தங்கள் வட்டாரத்தில் வரி எடுத்தார்கள், காவல் பார்த்தார்கள், வழக்குத் தீர்த்தார்கள், ஆயுதம் வைத்திருந்தார்கள். நவாபுக்கோ மைசூருக்கோ கப்பம் கட்டினார்கள், கட்டாமலும் இருந்தார்கள், படை வந்தால் பேரம் பேசினார்கள். கலெக்டர் வந்தபின் பேரம் என்பதே இல்லாமற்போயிற்று. தொகை இவ்வளவு, தவணை இன்ன தேதி, தவறினால் ஜப்தி. காவல் உரிமை போயிற்று. ஆயுதம் வைத்திருப்பதே குற்றம் என்ற நிலைமை நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாளையக்காரர்கள் எல்லோரும் நல்லவர்கள், குடிகள் அவர்கள் நிழலில் குளிர்ந்திருந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களும் வரி பிடுங்கினார்கள். ஒருவரோடொருவர் எல்லைச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் எரிந்தவை ஏழைகளின் கூரைகள். அமெரிக்கக் குடியேறிகளும் அப்படித்தான். எல்லா மனிதரும் சமம் என்று 1776-இல் அறிக்கை எழுதியவர்களில் பலருடைய தோட்டத்தில் அடிமைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நின்ற மண்ணே பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது. குடியேறி என்ற சொல்லைப் பார்த்தால் நம் பாளையக்காரர்களில் பலரும் குடியேறிகளே. விஜயநகரப் படைகளோடு வடக்கிலிருந்து வந்தவர்கள். மதுரை விசுவநாத நாயக்கர் காலத்தில் பாளையம் பெற்றவர்கள். ஆனால் இருநூற்றைம்பது ஆண்டில் இந்த மண்ணின் குளம், கோயில், சந்தை, சாமி எல்லாவற்றிலும் கலந்துவிட்டவர்கள். குறை உள்ளவர்களே விடுதலைக்காகவும் போராடுகிறார்கள். குறையில்லாதவர்கள் வந்து போராடட்டும் என்று காத்திருந்தால் எந்த நாடும் விடுதலை பெற்றிருக்காது.

இனி நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன்.

1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டார். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஆறு மாதத்துக்குள் தெற்கின் பெரிய அரசும் சாய்ந்தது, சிறிய கோட்டைகளில் பெயர்பெற்றதும் சாய்ந்தது. அந்த நேரத்தில் எதிர்ப்பு என்பதைப் பற்றி நினைக்கவே துணிச்சல் வேண்டும். அப்போதுதான் கோபால நாயக்கர் ஓலையும் ஆளும் அனுப்பத் தொடங்கினார். மணப்பாறை லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூசை நாயக்கர் ஆகியோரைச் சேர்த்து அவர் அமைத்ததைத்தான் வரலாற்றில் திண்டுக்கல் கூட்டணி என்கிறார்கள். அது இந்தச் சீமையோடு நிற்கவில்லை. சிவகங்கையின் மருது சகோதரர்கள், மலபாரில் பழசி கேரள வர்மா, மைசூர் மலைநாட்டில் பாலம் என்ற சீமையின் கிருஷ்ணப்ப நாயக்கர், துங்கபத்திரைக்கு வடக்கே படை திரட்டிக்கொண்டிருந்த தூந்தாஜி வாக் ஆகியோரோடெல்லாம் தொடர்பு கட்டப்பட்டது. கொங்குப் பகுதியின் கவுண்டர்களும், கோயம்புத்தூர்க் கோட்டையிலிருந்த கும்பினியின் முஸ்லிம் சிப்பாய்கள்கூட இந்த வலையில் இருந்தார்கள்.

அவர்கள் வீட்டில் பேசிய மொழிகளை மட்டும் நினைத்துப்பாருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி, உருது. தந்தியில்லை, ரயிலில்லை. ஆள் நடந்து போகவேண்டும். சந்தைக்குப் போகிறவன் போல, பழனிக்குக் காவடி எடுக்கிறவன் போல, மாடு வாங்கப் போகிறவன் போலப் போகவேண்டும். பிடிபட்டால் மரத்தில் தொங்கவேண்டியதுதான். இப்படி ஒவ்வொரு ஊராக நம்பிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்த்து, 1800 ஏப்ரலில் விருப்பாச்சியில் கூடினார்கள். என்ன சாப்பிட்டார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், யார் முதலில் பேசினார்கள் என்பதெல்லாம் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பிலடெல்பியாவில் 1774-இல் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய மண்டபத்தை இன்றும் பூட்டும் சாவியுமாகக் காத்து வருகிறார்கள். யார் எந்த நாளில் என்ன பேசினார்கள் என்பதற்கு நாட்குறிப்புகள் இருக்கின்றன. நம்முடைய கூட்டத்துக்குச் சுவரும் இல்லை, குறிப்பும் இல்லை. ஆனால் எடுத்த முடிவு தெரியும். கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்குவது. நாள், ஜூன் 3, மொகரம். அந்த நாளில் கூட்டமும் ஊர்வலமும் இயல்பாகக் கூடும். கோட்டைக்குள்ளிருக்கும் முஸ்லிம் சிப்பாய்கள் சேர்ந்துகொள்ளவும் தோதான நாள். இந்துப் பாளையக்காரர்களும் கவுண்டர்களும் முஸ்லிம் சிப்பாய்களும் சேர்ந்து ஒரு மொகரம் நாளைக் குறித்தார்கள். இந்த ஒரு செய்திக்காகவே அந்தக் கூட்டத்தை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யலாம்.

திட்டம் முன்கூட்டியே கும்பினிக்குத் தெரிந்துபோனது. தாக்குதல் தோற்றது. பிடிபட்டவர்களில் 42 பேரைக் கோயம்புத்தூர், தாராபுரம், சத்தியமங்கலம் என்று ஊர் ஊராக வைத்துத் தூக்கிலிட்டார்கள். ஓரிடத்தில் போட்டிருக்கலாம், ஊர் பார்க்கவேண்டும் என்றே பரப்பிப் போட்டார்கள். செப்டம்பர் 10-இல் தூந்தாஜி போரில் கொல்லப்பட்டார். அவரைத் துரத்திப் பிடித்த கர்னல் ஆர்தர் வெல்லஸ்லிதான் பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன். கும்பினி எப்படிப்பட்ட ஆட்களை இந்தக் கூட்டணிக்கு எதிராக இறக்கியது என்பதற்காகச் சொல்கிறேன். வடக்கு வாசல் அடைபட்டுப்போனது.

அதற்குப் பிறகும் கோபால நாயக்கர் பணியவில்லை. ஆனைமலைப் பக்கம் காட்டிலிருந்து சண்டையிட்டார். அங்கிருந்த குடியானவர்கள் அவருக்குச் சோறும் செய்தியும் கொடுத்தார்கள். பாளையக்காரர்களுக்கும் குடிகளுக்கும் இடையே எவ்வளவு கசப்பு இருந்திருந்தாலும், அந்த மாதங்களில் குடிகள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு இது சாட்சி. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பினார். பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்தது. மே மாதம் அது வீழ்ந்தபின் அவர் மருதுவிடம் சேர்ந்தார். ஜூன் 16-ஆம் நாள் சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சிக் கோட்டையில் நவாபின் மாளிகை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு பாளையத்துக்கல்ல, ஒரு சாதிக்கல்ல, ஜம்புத்தீவில் வாழும் எல்லாச் சாதியாருக்கும் முஸ்லிம்களுக்கும் எழுதப்பட்ட பிரகடனம். ஒற்றுமையில்லாததால்தான் அந்நியர் நாட்டைப் பிடித்தார்கள் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. விருப்பாச்சியில் பேசியதன் எதிரொலி அதில் கேட்கிறது என்பது என் துணிபு.

எழுச்சி அந்த ஆண்டு முடியுமுன் முடிந்துவிட்டது. கோபால நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் 1-இல் காளையார்கோயில் விழுந்தது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூர்க் கோட்டையில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரையும் அவர் சகோதரர் செவத்தையாவும் கடைசியாக ஓடிவந்தது நம் வத்தலக்குண்டுப் பக்கம். அங்கே பிடிபட்டு, பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோகப்பட்டு, நவம்பர் 16-இல் தலை வெட்டப்பட்டார்கள்.  எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். பதினைந்து வயதுப் பையன்.

ஏன் அங்கே வென்றார்கள், இங்கே தோற்றோம் என்று மாணவர்கள் கேட்பார்கள். வீரம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடல்தான் முதல் காரணம். 1781-இல் யார்க்டவுனுக்கு வெளியே செசபீக் விரிகுடாவைப் பிரெஞ்சுக் கப்பற்படை அடைத்து நின்றது. காரன்வாலிஸுக்கு உணவும் ஆளும் வரமுடியவில்லை, சரணடைந்தார். 1800-இல் நம் கடல் முழுக்கக் கும்பினியின் கையில் இருந்தது. நம்மவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு துப்பாக்கிகூட வரவழியில்லை. இரண்டாவது காரணம் காலம். அமெரிக்கர்கள் திரண்டபோது பிரிட்டனைச் சுற்றிப் பகைவர்கள் இருந்தார்கள். நம்மவர்கள் திரண்டபோது திப்பு போய் ஓராண்டு ஆகிவிட்டிருந்தது. திப்பு இருந்தபோதே இந்தக் கூட்டணி முழுமை பெற்றிருந்தால் என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மூன்றாவது, சொல்லக் கசப்பானது. புதுக்கோட்டையும் எட்டயபுரமும் கும்பினி பக்கம் நின்றன. அமெரிக்காவிலும் அரசனுக்கு விசுவாசமாக நின்றவர்கள் ஏராளம். ஆனால் அவர்கள் கையில் கோட்டையும் படையுமாக ஒரு நாடு இல்லை.

நான்காவதாக ஒன்று சொல்கிறேன். இது தோல்விக்குக் காரணமல்ல, தோல்விக்குப் பின் வந்த மறதிக்குக் காரணம். அமெரிக்கர்கள் தங்கள் போரைத் தாங்களே எழுதிவைத்தார்கள். ஐம்பத்தாறு பேர் கையெழுத்திட்ட விடுதலை அறிக்கையின் தோல்காகிதம் வாஷிங்டனில் கண்ணாடிக்குள் இருக்கிறது. நம்முடைய ஓலைகள் எங்கே? அகப்பட்டவை சாட்சியாகக் கும்பினியிடம் போயின. அகப்படாதவற்றை வைத்திருந்தவர்களே அடுப்பில் போட்டிருப்பார்கள், வைத்திருப்பது உயிருக்கு ஆபத்து. திருச்சிப் பிரகடனத்தையே நாம் இன்று கும்பினி அதிகாரிகள் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தங்கள் தலைமைக்கு அனுப்பிய வடிவத்தின் வழியாகத்தான் அறிகிறோம். விருப்பாச்சிக் கூட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது எல்லாம், அதை நசுக்கியவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களிலிருந்து தெரிந்தது. பேராசிரியர் கே. இராஜய்யன் அந்தப் பதிவுகளில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படித்து, தென்னிந்தியக் கிளர்ச்சியைப் பற்றி 1971-இல் நூல் வெளியிட்ட பிறகுதான், இது நாலைந்து பாளையக்காரர்களின் தனித்தனிக் கலகமல்ல, திட்டமிட்ட ஒரே எழுச்சி என்பது துலங்கியது. 1857-க்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்த முதல் விடுதலைப் போர் இது என்று அவர் வாதிட்டார். அவர் சொல்லை ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. நான் ஏற்பவன்.

விருப்பாச்சியில் இன்று கோபால நாயக்கருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஆண்டுதோறும் மாலை போடுகிறார்கள். போடட்டும், நானும் போட்டிருக்கிறேன். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசை வரும். வாளோடு அவர் தனியே நிற்பதைப் பார்க்கும் பிள்ளைகள், அவருக்கு எதிரே ஒரு தாராபுரத்துக் கவுண்டர், ஒரு கோயம்புத்தூர்ச் சிப்பாய், மலைநாட்டிலிருந்து வந்த ஒரு தூதன், சிவகங்கைக்காரர் ஒருவர் என்று சுற்றி உட்கார்ந்திருந்ததையும் பார்க்கவேண்டும். தூக்குமரம் ஒருவருடைய முடிவு. அந்த வட்டத்தை நம் ஊர் இன்னும் பார்க்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. திண்டுக்கல் கலெக்டர்கள் எழுதிய கடிதங்களும் கும்பினியின் ராணுவ, ரகசிய ஆலோசனைக் குறிப்புகளும் அங்கே கட்டுக்கட்டாக இருக்கின்றன. பழைய கையெழுத்து, பழைய ஆங்கிலம். முதல் வாரம் கண் எரியும், இரண்டாவது வாரம் எழுத்து பிடிபடும். நம் ஊர்ப்பெயர்களை அவர்கள் எழுதியிருக்கும் கோணலில் உங்கள் தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிப்பீர்கள். கலகக்காரன் என்று குறித்திருக்கும் பெயர்களை ஒரு நோட்டில் தமிழில் எழுதி வாருங்கள். தலைவர்கள் பெயர் நமக்குத் தெரியும். ஓலை கொண்டு நடந்தவர்கள் பெயர் தெரியாது. அவற்றில் சிலவாவது அங்கே இருக்கும். விடுமுறையில் இரண்டு பேர் வந்தாலும் போதும், நான் உடன் வருகிறேன். காலை பத்து மணிக்குள் போய்விட்டால் கட்டு எடுத்துத் தருவார்கள்.